கோபாலபுரத்தில் ஒளித்த நரி

சூடான இஸ்திரிப் பெட்டியின் கரி வாசனை... நீர் தெளித்த பருத்தித் துணியிலிருந்து குப்பென்று கிளம்பும் ஆவி... கோபாலபுரத்தில் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது.

எங்கள் ஹாம் ரேடியோ கிளப்பின் பழைய படம் ஒன்றை நண்பர் ஒருவர் நேற்று இந்தக் குழுவில் போட்டிருந்தார். "ஜெரோம் சார் கடைசி ஆளா வந்த நரி வேட்டை" என்று கீழே எழுதி, சிரிக்கும் முகமும் வைத்திருந்தார். அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக... நரி வேட்டை எங்கள் கிளப்பின் விளையாட்டு. ஒருவர் சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை ஊருக்குள் எங்காவது ஒளித்து வைப்பார். அதுதான் நரி. ஒரு நிமிடம் கூவும், நான்கு நிமிடம் சும்மா இருக்கும். மற்றவர்கள் காரில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறது என்று பார்த்து, வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேடி வர வேண்டும். முதலில் வந்து தொடுபவருக்குக் கோப்பை.

என் கணவர் ஜெரோம், நான், இருவருமே ஹாம் ரேடியோ இயக்க அரசு லைசென்ஸ் வாங்கியவர்கள். அதற்கான மோர்ஸ் தந்திக் குறியீட்டுத் தேர்வில் நான் முதல் முறையே தேறினேன். அவர் இரண்டாம் முறை. வேட்டைகளில் அவர் ஓட்டுவார், நான் வரைபடம் பார்ப்பேன்.

அந்த முறை நரியை ஒளிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கிளப் செயலாளர் ரங்கராஜன், மயிலாப்பூர்க்காரர், எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"ஒளிச்சு வெக்கறதெல்லாம் சரி மாமி... ஆத்துக்காரர்ட்ட சொல்லாம இருப்பேளோ?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கோப்பைய இப்பவே ஜெரோம் சார் வீட்டுக்கு அனுப்பிடலாம் சார்!"

ஒரே சிரிப்பு.

"பதினெட்டு வருஷமா ஸ்கூல்ல கேள்வித்தாள் எடுக்கறேன். ஒண்ணுகூட வெளிய போனதில்ல" என்றேன். சிரிப்பு நின்றது. ஆனால் சந்தேகம் நிற்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

வீட்டில் பத்து நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜெரோம் ஒருமுறை மட்டும், "இந்த வாரம் மீன் எங்க வாங்கப் போற? அதுவும் ரகசியமா?" என்றார்.

கோபாலபுரத்தில் ஓர் அமைதியான தெருவில் கௌரி என்பவர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அந்த ஞாயிறு சர்ச்சில் ஆறு மணிப் பூசை முடிந்ததும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியோடு நேரே அவரிடம் போனேன்.

"இன்னா டீச்சரம்மா இது... வெடிச்சிடாதே?"

"ரேடியோ, கௌரி."

"பாட்டு வருமா?"

"வராது."

"பாட்டு வராத ரேடியோ இன்னாத்துக்கு?"

துணி மூட்டைக்கு அடியில் பெட்டியை வைத்தேன். கம்பியை வண்டிக் கூரையின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். எதிர்வீடு என் பழைய மாணவியுடையது. அதன் வராந்தாவில், மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எனக்குத் தெரு தெரியும். தெருவுக்கு என்னைத் தெரியாது.

அடையாற்றிலிருந்து கார்கள் கிளம்பின. ஜெரோம் தனியாக வந்தார். வேறு யாரையும் பக்கத்தில் உட்கார வைக்க அவருக்கு மனமில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நரிக்கு மிக அருகில் வந்துவிட்டால் ஆன்டெனாவால் பயனில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சத்தம்தான். அப்போது அதைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு, வெறும் ரிசீவரோடுதான் தேடுவோம். ஆன்டெனா உள்ளே போய்விட்டால் நரி சில அடி தூரத்தில் என்று அர்த்தம்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடம். எங்கள் ஃபியட் தெருவுக்குள் நுழைந்தது. ஆன்டெனா வெளியே இல்லை.

ஜெரோம் இறங்கினார். ரிசீவரைக் காதில் வைத்தபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து மூட்டையைப் பார்த்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். தெருவில் வேறு கார் ஒன்றும் இல்லை.

"இன்னா சார் ஓணும்?" என்று கௌரி கேட்டார்.

"கோட்டூர்புரத்துக்கு எப்படிம்மா போறது?"

கல்யாணமாகி முதல் ஆறு வருடம் நாங்கள் குடியிருந்த இடம் கோட்டூர்புரம்! கௌரி வெகு அக்கறையாகக் கைகாட்டி வழி சொன்னார். இவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, காரை எடுத்துப் போய்விட்டார்.

அரை மணி கழித்து இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்து நரியைத் தொட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெரோம் கடைசி.

டிபன் சாப்பிடும்போது ரங்கராஜன் எழுந்து நின்றார். "மாமி, நான் அன்னிக்குக் கேட்டது தப்பு. மன்னிச்சுடுங்கோ." எல்லோரும் கை தட்டினார்கள். ஜெரோம்தான் பலமாகத் தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது காரில் கேட்டேன்.

"ஆன்டெனா ஏன் உள்ள இருந்துச்சு?"

"கை வலிச்சுது."

"பொய் சொல்லாதீங்க."

திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினார். பிறகு, "நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியும். நான் ஜெயிச்சிருந்தா வேற யாரு நம்புவாங்க?" என்றார்.

"என் வார்த்தைக்கு நீங்க தோத்துக் காட்ட வேண்டியதில்ல" என்றேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. மகன் தரமணியில் வேலை பார்க்கிறான். நான் எங்கே இருக்கிறேன் என்பது அவன் போனில் ஒரு புள்ளியாகத் தெரியுமாம். போன வாரம் கூப்பிட்டு, "அம்மா, பாண்டி பஜார் வெயில்ல அரை மணியா என்ன பண்றீங்க?" என்றான். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் போக அந்தப் புள்ளிக்குத் தெரியாது.

அவர் செய்தது சரி என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்று கை தட்டியவர்கள் சிலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் நரியைக் கண்டுபிடித்தவர் ஜெரோம். என் கண்ணால் பார்த்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.