பெரியம்மாவுக்கு ட்ரெய்னர் பார்த்த கதை

பெரியம்மா தனக்கு ஒரு ட்ரெய்னர் தேடியது எங்கள் சனம் மாப்பிள்ளை பார்ப்பதைப் போலத்தான் நடந்தது. நாலு பேரிடம் விசாரித்தார். ஆளை வீட்டுக்கு அழைத்துத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தார். சொந்த ஊர் எது, தாய் தகப்பன் என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்குப் பத்து. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

அவர் என் அம்மாவின் அக்கா. கலியாணம் செய்யவில்லை. கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் கடிதங்கள் தட்டச்சு செய்யும் வேலை. என் அப்பா முதலில் கனடாவுக்குப் போய், பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார். அம்மாவுக்கு விசா வந்தது. என்னுடைய பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக இருந்ததால் எனக்கு வரவில்லை. ஓர் எழுத்துத்தானே, இரண்டு மாதத்தில் திருத்திவிடலாம் என்று சொல்லி என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அம்மா விமானம் ஏறினார். அந்த எழுத்தைத் திருத்தி, திருத்தியதற்கு அத்தாட்சி வாங்கி அனுப்ப ஒன்றரை வருசம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் அம்மாவும் அப்பாவும் வருவார்கள். பாதிக் கதையில் படம் உறைந்துவிடும். அம்மா வாயைத் திறந்தபடி நிற்பார். அவர் அசையும்வரை நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பெரியம்மா அந்த நேரங்களில் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவார். எங்களைத் தனியாகக் கதைக்க விடுகிறார் என்று நினைத்தேன்.

ட்ரெய்னர் தேவைப்பட்டதற்குக் காரணம் எங்கள் மாடிப்படிதான். ஒரு சனிக்கிழமை சந்தையிலிருந்து வரும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெரியம்மா மரக்கறிப் பையோடு படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, முகம் வெளிறியிருந்தது. நான் ஒரு தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மேல்வீட்டு ஆட்கள் எங்களைக் கடந்து போகும்போது பெரியம்மா சிரித்து, சும்மா இருக்கிறேன் என்றார். கால் மணித்தியாலம் அப்படிச் சும்மா இருந்தோம்.

டொக்டர் பிரஷர் பார்த்தார், சீனி பார்த்தார், முழங்காலை மடக்கிப் பார்த்தார். உடம்பை அசைக்காமல் இருந்தால் இன்னும் ஐந்து வருசத்தில் இந்தப் படி ஏற முடியாது என்றார். கண்டபடி செய்யாமல், தெரிந்த ஒருவரிடம் பழகச் சொன்னார். வீட்டில் உங்களோடு யார் இருக்கினம் என்று கேட்டார்.

"இப்ப இந்தப் பிள்ளை இருக்கு," என்றார் பெரியம்மா.

முதலில் காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்த ஜிம்முக்குப் போனோம். நாலு பக்கமும் கண்ணாடி. பெரியம்மா சேலையோடு நடுவில் நின்று தன்னைத்தானே எட்டுப் பத்துப் பேராகப் பார்த்தார். பாட்டுச் சத்தத்தில் அங்கிருந்த பையன் என்ன கேட்டான் என்பது எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை. பெரியம்மா அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்து பழக்குகிற ஆள் தேடும் படலம் தொடங்கியது.

முதலில் வந்தவர் ஓர் இளைஞர். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விலகியே நின்றன. ஒரு ஃபைலைத் திறந்து, தடித்த ஆட்கள் மெலிந்த ஆட்களாக மாறிய படங்களைக் காட்டினார். பன்னிரண்டு கிழமையில் பெரியம்மாவையும் அப்படி ஆக்குவதாகச் சொன்னார். பாலில் கரைத்துக் குடிக்க ஒரு பவுடரும் இருந்தது. பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மழை பெய்தால் வருவீர்களா என்று கேட்டார். மழை நாளில் வீடியோ அனுப்புவேன், அதைப் பார்த்துச் செய்யலாம் என்றார் அவர்.

இரண்டாவதாகத் தெஹிவளையிலிருந்து ஒரு பெண் சிறிய ஸ்பீக்கரோடு வந்தார். நல்ல கலகலப்பான மனுசி. எங்கள் வரவேற்பறையிலேயே ஒரு பாட்டுக்கு ஆடிக் காட்டினார். ஓட்டோ கிடைத்தால் மழையிலும் வரலாம் என்றார். பெரியம்மா அவருக்கும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். முழங்கால் நோகிற ஒருத்தி இப்படி மழையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு எரிச்சலும் விசருமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தவர் ஹெந்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. பள்ளிக்கூட நாளில் ஓட்டக்காரி, பிறகு ட்ரெய்னிங் கோர்ஸ் முடித்தவர். படம் எதுவும் காட்டவில்லை. டொக்டர் எழுதித் தந்த துண்டைக் கேட்டு வாங்கி வாசித்தார். பிறகு சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு, கையை ஊன்றாமல் இருந்து எழும்பச் சொன்னார். பெரியம்மா நாலு தரம் எழும்பினார். ஐந்தாம் தரம் மேசையைப் பிடித்துவிட்டார். அந்த அக்கா ஒரு கொப்பியில் 'நாலு' என்று எழுதினார்.

பெரியம்மா மழையைப் பற்றிக் கேட்டார்.

"வருவன் அன்ரி. ஹெந்தளையில இருந்து வாறவள் மழையைப் பாத்தா ஒரு நாளும் வேலை செய்ய ஏலாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று பெரியம்மா சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாங்கோ என்றார்.

திங்கள், புதன், வெள்ளி. அந்த அக்கா சொன்னபடி ஆறு மணிக்கு மணியை அடித்தார். பெரியம்மா புதிதாக வாங்கிய கான்வஸ் சப்பாத்தும் பழைய சல்வாரும் போட்டுக்கொண்டு ஐந்தே முக்காலுக்கே தயாராக இருப்பார். கதிரையில் இருந்து எழும்புவது, சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவது, வாசற்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது. பளு தூக்கத் தண்ணீர்ப் போத்தல் இரண்டில் கடற்கரை மண்ணை நிரப்பி வைத்தார்கள். மூச்சை அடக்காதேங்கோ, நொந்தால் நிப்பாட்டுங்கோ என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். எண்ணும்போது தமிழில் தொடங்கி, களைத்த இடத்தில் சிங்களத்துக்கு மாறிவிடுவார். பெரியம்மா சிரித்து எண்ணிக்கையைத் தவறவிடுவார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரிப்பார் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் என்னை இறக்கிவிடும். கழுத்தில் கிடக்கும் திறப்பால் கதவைத் திறந்து, மூடிவைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பெரியம்மா ஆறு மணிக்கு வரும்வரை தனியாக இருப்பேன். கடலோரத் தண்டவாளத்தில் போகிற கோச்சிகளைப் பலகணியில் நின்று பார்ப்பேன். வீட்டுக்குள் என் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. பின்னேரம் பெரியம்மா களைத்து வருவார். காலை நேரம்தான் என்னுடையதாக இருந்தது. எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டே கப்பல் கம்பெனிக் கந்தோர்க் கதைகள் சொல்வார், என் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்பார். இப்போது வாரத்தில் மூன்று நாள், நீ பெரிய பிள்ளைதானே என்று சீப்பைக் கையில் தந்துவிட்டார். அறைக் கதவடியில் நின்று கோணல் பின்னலைப் பின்னியபடி அவர்கள் இருவரும் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று மாதம் பொறுத்தேன். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஒரு புதன்கிழமை பெரியம்மா குளியலறையில் இருக்கும்போது, ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் மணி அடித்தது. கதவைச் சங்கிலியோடு திறந்தேன். அக்கா குடையை மடக்கிக்கொண்டு நின்றார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"பெரியம்மா இனி உங்களை வரவேண்டாமாம்," என்றேன். "அவவுக்கு அலுத்துப்போச்சாம்."

இப்படிச் சொல்லவேண்டும் என்று நான் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் மனப்பாடம் செய்த பாடம்போல வாயிலிருந்து வந்தது. அக்கா என்னையே பார்த்தார். அவ சொன்னவவா என்று கேட்டார். ஓம் என்றேன். சரி தங்கச்சி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருடைய சப்பாத்து மூன்று மாடியும் சதக் சதக்கென்று இறங்குவது எனக்குக் கேட்டது.

பெரியம்மா வந்து மணி அடித்ததா என்று கேட்டார். பேப்பர்காரர் என்றேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். ஆறரை ஆனது. ஹெந்தளை, வத்தளைப் பக்கம் வெள்ளமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னார். ஏழு மணிக்குச் சப்பாத்தைக் கழற்றினார். எனக்குப் பின்னிவிட நேரம் இருந்தது, பின்னியும் விட்டார். ஆனால் கதை எதுவும் சொல்லவில்லை. நான் கேட்ட காலை நேரம் எனக்குக் கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையும் அதே மாதிரிக் காத்திருந்தார். அன்று பின்னேரம் பலகணிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு அந்த அக்காவுக்குப் போன் எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. மேசையில் கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, அடி விழுந்தால் எப்படி அழுவது என்று யோசித்தேன். உள்ளே வந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்காவுக்கு வேற இடத்தில வேலை கிடைச்சிட்டுதாம். இனி வரமாட்டா."

அவ்வளவுதான். அந்த அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் விடிய ஐந்தரைக்குப் பெரியம்மா என்னை எழுப்பி, சப்பாத்தைப் போடு, கடற்கரையால் நடப்பம் என்றார். அன்றிலிருந்து தண்டவாளத்தோரம் பம்பலப்பிட்டிவரை போய் வருவோம். வந்ததும் கதிரையில் இருந்து எழும்புவார், நான் எண்ணுவேன். பன்னிரண்டுவரை வந்தார். மரக்கறிப் பையோடு நிற்காமல் மூன்று மாடியும் ஏறினார். அக்காவைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைக்கவில்லை.

பங்குனியில் என் விசா வந்தது. பகல் விமானம். தனியாகப் போகிற பிள்ளை என்று கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, சீருடை போட்ட ஒரு பெண்ணிடம் என்னை ஒப்படைத்தார்கள். பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்தார். சாப்பாட்டை மிச்சம் விடாதே என்றார். பிறகு திரும்பி, புதிதாகப் பழகியிருந்த அந்த வேகமான நடையில் கூட்டத்துக்குள் போனார். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போக என்ன அவசரம் என்று கோபம் வந்தது. டொரன்டோவில் பல வருசம் அந்தக் கோபம் என்னோடு இருந்தது. ஒன்றரை வருசம் அவருடைய தலையில் கட்டிவிட்ட பிள்ளை, போனால் போதும் என்று இருந்திருக்கும் என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன்.

போன வருசம் கொழும்புக்குப் போனேன். பெரியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. என்னைவிட வேகமாகப் படி ஏறுகிறார். நான் கொண்டுபோன சாமான்களில் ஒரு பையை எடுத்து, இதை ஹெந்தளைக்குக் கொண்டுபோய் அந்த அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடு என்றார். எந்த அக்கா என்று கேட்டேன். உனக்குத் தெரியும்தானே, எனக்குப் பழக்குகிற அக்கா என்று சாதாரணமாகச் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்காவின் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. அவருடைய முகம் கொஞ்சம் பருத்திருந்தது. பிள்ளைகள் சொக்லட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் அந்தப் புதன்கிழமையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை அசைத்து என்னை நிறுத்தினார்.

"அன்ரி போன் எடுத்த அண்டைக்கே நான் சொல்லிப்போட்டன் தங்கச்சி. எனக்கும் கோபம்தானே, மழைக்குள்ள வந்தனான்."

பெரியம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு அன்ரி வேணுமாம், அவள் போறவரைக்கும் நீங்க வராதேங்கோ எண்டா. அவள் போன அடுத்த நாள் காலமை ஆறு மணிக்குக் கட்டாயம் வரோணும் எண்டும் சொன்னா. திகதி தெரிஞ்சதும் போன் எடுத்து இன்னொருக்காச் சொன்னா. முதல்நாள் பின்னேரம் ஏர்போட்டால வந்தும் எடுத்தா, வருவீங்கதானே எண்டு."

அக்கா போயிருக்கிறார். அன்று ஓர் அப்பியாசமும் செய்யவில்லையாம். பெரியம்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாராம், இவர் எதிரில் இருந்தாராம். ஏழு மணி ஆனதும், வெள்ளிக்கிழமை பார்ப்பம் அன்ரி என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தாராம்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து கணக்குப் பார்த்தேன். என் விமானம் பகல் பன்னிரண்டுக்கு. அக்கா மணி அடித்தது அடுத்த நாள் ஆறுக்கு. இடையில் பதினெட்டு மணித்தியாலம், அந்த வீட்டில் அவர் மட்டும். என்னை அனுப்பிவிட்டு வேகமாக நடந்து போனவர் அந்தப் பதினெட்டு மணித்தியாலத்துக்குள்தான் போனார். பத்து வயதில் நான், என்னை விட்டுவிட்டுப் போகிறவர்களை மட்டுமே அறிந்திருந்தேன். நானும் ஒருவரை விட்டுவிட்டுப் போகிறேன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.