மூடியைக் கழற்றியது நான் இல்லை

பேய்க்கும் எனக்கும் எந்தப் பழக்கமும் கிடையாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒல்லி உடம்பில் நான் ஒருத்தன் குடியிருக்கவே இடம் பத்தாது, இதில் இன்னொன்று வந்து எங்கே உட்காரும் என்று கேட்டுச் சிரிக்கிற ஆள் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது, பரவாயில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது நான்.

அப்போது அம்பத்தூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு பெஞ்சு, மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். டூல்ஸ் பெட்டி வாங்க வக்கில்லாமல் ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவேன். அதன் கைப்பிடி உடைந்துபோய், மஞ்சள் ஒயரை முறுக்கிக் கட்டியிருந்தேன். தெருவில் என்னைப் பார்ப்பவர்கள், மெக்கானிக் வருகிறான் என்று நினைத்ததே இல்லை, யார் வீட்டிலோ தண்ணீர் பிடிக்க வருகிறான் என்றுதான் நினைத்தார்கள்.

குவைத்தில் சண்டை மூண்ட வருஷம் அது. பக்கத்து மேனாம்பேட்டில் இருந்த ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர் சவரி அண்ணன் அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முந்தின லீவில் வந்தபோது ஒரு பாத்திரம் கழுவும் மெஷினைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஆனால் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிற ஊரில் அந்த மெஷினுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? கிறிஸ்துமஸுக்கும், மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கும் ஓட்டியதோடு சரி. மற்ற நாளெல்லாம் அதன் தலையில் ரேடியோவும் ஊறுகாய் ஜாடியும் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் அக்கா கடைக்கு வந்து நின்றாள்.

"இன்னா சேகரு, நீ மெக்கானிக்கா, இல்ல பக்கெட்ட மாட்டிகினு சும்மா ஊரச் சுத்துறியா?"

"ரெண்டும்தான்க்கா. என்ன விஷயம்?"

"மெஷினு கெட்டுப்போச்சி. உனுக்குத் தெரியுமா அது?"

அதுவரை அப்படி ஒரு மெஷினின் உள்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, அந்தக் காலத்தில் என் தொழிலே அதில்தான் நடந்தது. "கிரைண்டர் மாதிரிதான்க்கா, மாவுக்குப் பதிலா தட்டு" என்று சொல்லிவிட்டுக் கூடவே போனேன்.

மெஷின் கதவைத் திறந்தால் உள்பக்கம் வட்டமாக ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றி, கீழே உள்ள கிண்ணத்தில் ஒரு நீல மருந்து ஊற்ற வேண்டும். கடைசி அலசலில் அது சொட்டுச் சொட்டாக இறங்கினால் தட்டில் தண்ணீர்த் திட்டு படியாது. மருந்து தீர்ந்தால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். அண்ணன் கொண்டுவந்த மருந்து பாட்டில் தீர்ந்துபோயிருந்தது. மெட்ராஸில் எங்கே போய் அதைக் கேட்பது? அக்கா யோசித்திருக்கிறாள். மருந்தும் நீலம், வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலமும் நீலம். நீலப் பொடியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி மூடிவிட்டாள்.

"துணியே பளிச்சினு வருது, தட்டு வராதான்னு நெனச்சேன்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நீலம் உள்ளே சிமெண்டு மாதிரி இறுகி, மூடியையும் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. பிளக்கை மாட்டினால் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இந்த லைட்டு எரிய ஆரம்பிச்ச அன்னிக்குதான் ரேடியோல சண்டைன்னு சொன்னான். அன்னியிலருந்து அவருகிட்டருந்து ஒரு சேதி இல்ல. குவைத்துலருந்து கள்ளிக்குப்பத்து ஆளு ஒருத்தரு திரும்பி வந்துட்டாரு, பாலைவனத்துல கூடாரத்துல கெடந்தாராம். இவரப் பாக்கவேயில்லையாம். இந்த லைட்டு அணையணும் சேகரு. அணைஞ்சா வந்துடுவாரு."

மிக்ஸி ஓடாவிட்டால் சட்னி போகும், அவ்வளவுதான். இங்கே ஒரு மனுஷன் உயிரையே என் ஸ்க்ரூடிரைவர் முனையில் கொண்டுவந்து வைத்துவிட்டாளே என்று நினைத்தேன். மெஷினுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"நாங்க கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறோம். உள்ள தாப்பா போட்டுக்கோ. பிளாஸ்குல டீ கீது" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மத்தியான வெயில். டூல்ஸையெல்லாம் தரையில் கொட்டிவிட்டு, பின்பக்க அடிபம்பில் பக்கெட் நிறையத் தண்ணீர் அடித்துக் கொண்டுவந்தேன். முன்கதவு, பின்கதவு இரண்டையும் தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்சம் சுடவைத்து மூடிமேல் ஊற்றினேன். திருகினேன். அசையவில்லை. பிளேயரால் பிடித்தேன், வழுக்கியது, மூடியின் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. அதோடு கரண்டும் போய் ஃபேன் நின்றது. முழு மூடியும் உடைந்தால் இந்த ஊரில் வேறு மூடி கிடையாது. வெந்நீரில் துணியை நனைத்து மூடிமேல் போட்டுவிட்டு, கொஞ்சம் ஊறட்டும் என்று சமையலறை வாசற்படியில் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பக்கெட். கையில் டீ. அக்கா வந்ததும் என்ன பொய் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் ஒரு கனைப்பு. தொண்டை வறண்டவன் கனைப்பதுபோல. பக்கத்து வீடாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கூடவே முதுகில் அனல் அடித்தது, ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்ற மாதிரி. ஃபேன் இல்லை, வெயில் நேரம், அப்படித்தான் இருக்கும் என்று அதையும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கிரக் என்று ஒரு சத்தம். துணி நழுவியிருக்கும் என்று டீயை முடித்துவிட்டுத் திரும்பினேன்.

மூடி கழன்றிருந்தது. அந்த ஈரத்துணி நான் போட்டமாதிரி கசங்கிக் கிடக்கவில்லை, சதுரமாக மடித்து, அதன்மேல் மூடி மல்லாக்க வைக்கப்பட்டிருந்தது. கிண்ணத்தில் இறுகியிருந்த நீலத்தை யாரோ ஓரம் வரை சுரண்டி எடுத்திருந்தார்கள். அக்கா வந்துவிட்டாளோ என்று முன்கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. பின்கதவும் அப்படியே. எனக்கு எதிலும் நக்கல்தானே, "யாரா இருந்தாலும் கூலில பாதி தந்துடறேங்க" என்று தமாஷாகச் சொல்ல நினைத்தேன். எலிக்குஞ்சு கத்துவதுபோல் ஒரு சத்தம்தான் வந்தது.

ஓடியிருப்பேன். ஆனால் அந்த விளக்கு இருக்கிறதே. முன்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, அடுப்படியில் கிடந்த எலுமிச்சையைப் பிழிந்து வடிகட்டி, நீல மருந்துக்குப் பதிலாகக் கிண்ணத்தில் ஊற்றி மூடினேன். கரண்டு வந்தது, அக்காவும் வந்தாள். பிளக்கை மாட்டினேன். சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது. அக்கா மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எப்பிடிடா கழட்டுன?" என்றாள் கடைசியில். "கைப்பக்குவம்க்கா" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து சவரி அண்ணன் வந்துவிட்டார். விளக்கு அணைந்ததால்தான் வந்தார் என்று நான் சொல்லவில்லை, நிறையப் பேர் அப்போது திரும்பி வந்தார்கள். ஆள் பாதியாகி, உதடெல்லாம் வெடித்து, ஒரு காலையில் என் கடை முன்னால் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உன் பக்கெட்டா?"

"ஆமாண்ணே."

"அப்ப அது நீதானா" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். "கூடாரத்துல தண்ணி லாரிக்கு லைன்ல நின்னுகினு இருந்தேன்டா. எந்த நாளுன்னு கேக்காத, வெயிலு மட்டும்தான் ஞாபகம் கீது. கண்ணு இருட்டிகினு வந்துச்சி. பாத்தா எங்க ஊட்டு அடுப்பங்கரையில நிக்கிறேன். ஒருத்தன் முதுகக் காட்டிகினு குந்திகினு கீறான். பக்கத்துல இந்த பக்கெட்டு, மஞ்ச ஒயரு. ரொம்பத் தண்ணி. தம்பி, ரவ தண்ணி குடுன்னேன். அவன் திரும்பவேயில்ல. எவ்ளோ கூப்ட்டும் திரும்பல. சரி, இவன் வேலைய முடிச்சிக் குடுத்தா தண்ணி குடுப்பான்னு அந்த மூடியக் கழட்டிக் குடுத்தேன். அப்பவும் திரும்பல."

வலது கட்டைவிரலைக் காட்டினார். நகம் பாதி பெயர்ந்திருந்தது. அடியில் நீலமாக ஒரு கோடு.

ஸ்டெல்லா அக்கா சொல்லியிருப்பாள் என்பீர்கள். பக்கெட்டைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றியது நான் இல்லை என்பதை அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இத அன்னிக்கே குடுத்திருக்கலாம்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. என் வாழ்க்கையில் அது நடந்தது அந்த ஒரு தடவைதான்.

இன்றைக்கும் வேலை செய்யும்போது பின்னால் கனைப்புச் சத்தம் கேட்டால் திரும்பிவிடுவேன். பெரும்பாலும் என் மனைவியாக இருக்கும். யாருமே இல்லாத நாளும் உண்டு. அன்றைக்கு ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து எனக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலையைத் தொடர்வேன். சாயங்காலம் அந்தச் சொம்பை மனைவிதான் எடுத்து வைப்பாள். அதில் தண்ணீர் இருந்ததா என்று நான் அவளிடம் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.