டாக்டர் கேட்ட லயின்

தூறல் விழும் நாட்களில் எங்கள் கூரைக்கு மேலே ஓர் இரைச்சல் கேட்கும். காய்ந்த எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்தாற்போல் முதலில் ஒரு பொரிச்சல், பிறகு நாள் முழுக்க விடாத ஒரு முனகல். இலங்கை மலைநாட்டில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், 'காம்பரா' என்று நாங்கள் சொல்லும் பன்னிரண்டு அறைகள் கொண்ட எங்கள் லயத்துக்கு நேர் மேலாகப் போன உயர் அழுத்த மின்கம்பிகளின் சத்தம் அது. நாங்கள் அவற்றைப் 'பெரிய கம்பி' என்போம். எங்கெங்கோ இருந்த ஊர்களுக்கு வெளிச்சம் கொண்டுபோன அந்தக் கம்பிக்குக் கீழே, எங்கள் காம்பராவில் எரிந்தது மண்ணெண்ணெய்க் 'குப்பி லாம்பு'. அதை அநியாயம் என்று சொல்லக்கூட அப்போது யாருக்கும் தோன்றவில்லை. "கம்பி பேசுது, மழ வரப்போகுது, துணிய எடுங்க" என்பார் அம்மா. கம்பியோடு பெரியவர்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

லயம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகளைக் கட்டித் தொழிலாளர்களைக் குடிவைத்த இடம். வெள்ளைக்காரன் 'லைன்' என்றதை நாங்கள் லயம் ஆக்கிக்கொண்டோம், சிங்களவர்கள் 'லயின்' ஆக்கிக்கொண்டார்கள். இந்த ஒரு சொல் எங்கள் வீட்டை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை ரீட்டா எனக்கு நான்கு வயது இளையவள். தூறல் நாட்களில் அப்பாவின் பழைய கறுப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் கம்பி தாழ்ந்து தொங்கும் மேட்டில் இரண்டு பேரும் போய் நிற்போம். விரித்த குடையின் இரும்புக் காம்பில் விரலை மெல்ல வைத்தால், எறும்பு கடித்தாற்போல் 'சுர்' என்று ஏறும். இந்த விளையாட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுர்ரு வாங்குறது'. முதல் நாள் ரீட்டா பயந்து பின்வாங்கினாள். நான்தான் அவள் விரலைப் பிடித்துக் காம்பில் வைத்தேன். பிறகு "அக்கா, இன்னொருக்கா" என்று அவள்தான் விடமாட்டாள். ஒருநாள், கம்பிக்குக் கீழே வளர்ந்த மரங்களை வெட்ட வந்த சிங்களத் தொழிலாளி ஒருவர் எங்களைக் கண்டு, "லயின் யட்ட இன்ன எப்பா!" என்று சத்தம் போட்டார். லயினுக்குக் கீழே நிற்காதீர்கள் என்று அர்த்தம். லயத்துக்கு மட்டுமல்ல, கம்பிக்கும் அவர்கள் வாயில் லயின்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் குடை போய்விடும்.

ரீட்டாவுக்கு ஏழு வயது நடந்தபோது காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. எங்கும் இடிபடாமலே கை கால்கள் நீலம் நீலமாகக் கன்றின. தோட்டத்து மருந்து கேட்காமல் மாத்தளைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தூரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பையைத் தூக்கிக்கொண்டு நானும் அம்மாவோடு போயிருந்தேன்.

அங்கிருந்த சிங்கள டாக்டர் இளவயதுக்காரர், கஷ்டப்பட்டுத் தமிழ் படித்திருந்த நல்ல மனிதர். குடிக்கும் தண்ணீர், தேயிலைக்கு அடிக்கும் மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "வீட்டுக்குக் கிட்ட லயின் இருக்கா, அம்மா?" என்றார்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "லயத்துலதாங்க ஐயா இருக்கோம்."

"எவ்வளவு கிட்ட?"

"கிட்ட இல்லீங்க ஐயா, உள்ளுக்குத்தான் இருக்கோம். பன்னெண்டு குடும்பம்."

அவர் குழம்பிப்போய் நிமிர்ந்தார். அதற்குள் யாரோ அவசரமாகக் கூப்பிட, எழுந்து போய்விட்டார். அவர் கேட்டது எதை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். கம்பியைச் சொன்னால் குடையையும் சொல்ல வேண்டிவரும். நான் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்குத் தைத்த சட்டையைப் போட்டு, நத்தாருக்கு முன்பே அவளை அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகு அம்மா காம்பராவின் கரிச்சுவரைத் தேய்க்கத் தொடங்கினார். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு தேய்ப்பார், வெள்ளையடிப்பார், மறுபடி தேய்ப்பார். "லயத்துல வச்சிருந்தேன், அதான் புள்ள போயிருச்சு. டாக்டரு அதத்தானே கேட்டாரு" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அப்பாவோடு சண்டை பிடித்து மாத்தளை டவுனுக்குக் குடிவந்த பிறகும், யாராவது ஊரைக் கேட்டால் லயம் என்று சொல்லக் கூசினார். முப்பது வருடங்களாக இதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன். என் கோழைத்தனத்துக்கு வேறு பெயர் கிடையாது.

நான் வளர்ந்த பின், எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். "கம்பிக்குக் கிட்ட இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் புத்துநோய் வருத்தம் கொஞ்சம் கூடுதலா வரலாமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா அதனாலதான்னு யாரும் நிரூபிக்கல்ல. ஒங்க தங்கச்சிக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல ஏலாது. அந்தக் குடை வெளையாட்டப் போட்டு மனசக் கொழப்பிக்காதீங்க" என்றார். புத்தி கேட்டுக்கொண்டது. அவள் விரலைப் பிடித்த என் கை கேட்கவில்லை.

போன மாதம் அம்மாவும் நானும் ரீட்டாவின் கல்லறைக்குப் போய்விட்டு மேட்டுக்கு ஏறினோம். லயம் இல்லை. சனங்களெல்லாம் கீழே கட்டிய தனி வீடுகளுக்குப் போய்விட்டார்கள், அங்கே பகலிலும் பல்ப் எரிகிறது. எங்கள் காம்பரா இருந்த இடத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கம்பி மட்டும் அப்படியே இருந்தது. தூறல் பிடித்தது, குடையை விரித்தேன். பிளாஸ்டிக் காம்பு, ஒன்றும் ஏறவில்லை. அம்மா அண்ணாந்து பார்த்து, "கம்பி பேசுது" என்றார்.

"அம்மா, அந்த டாக்டர் கேட்டது லயத்த இல்ல, இந்தக் கம்பியத்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன், குடையையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா, "அப்ப நீயும்தானே புள்ள இங்க நின்ன?" என்று கேட்டு, என் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டு, எங்காவது நீலமாகக் கன்றியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையையும் பார்த்து முடித்த பிறகுதான் அழுதார்.