நாலு நிமிஷச் சாப்பாடு

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பெயரே காஜாக்காரிதான். பட்டன் நுழைகிற துளையைத் தைப்பது அவள். பட்டனைத் தைத்தது அவள் அக்கா. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் இருவரும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த மிஷினில் முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். அக்கா செத்து மூன்று மாதம் ஆகிறது.

அன்றிலிருந்து காஜாக்காரியின் வயிறு சொன்ன பேச்சு கேட்கவில்லை. சாப்பிட்டால் வயிறு கல்லாட்டம் உப்பும். நெஞ்சு எரியும், தொண்டைவரை புளித்தண்ணீர் ஏறும். அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் மூன்று ஏப்பம் வரும்: ரெண்டு சின்னது, ஒன்று பெரிசு. அட, அது அக்காவின் ஏப்பம்! கம்பெனியே கேட்டுச் சிரித்த ஏப்பம். முதல் தடவை தன் வாயிலிருந்து வந்தபோது அவள் திரும்பி அக்காவின் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "அஜீரணம்தான். சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம். ஆமைன்னு எங்கக்கா திட்டுவா."

"எதுக்கும் ஒருநாள் கடிகாரத்தைப் பாருங்க."

பார்த்தாள். நாலு நிமிஷம்! மென்ற ஞாபகமே இல்லை. போதாக்குறைக்கு இடது கை தட்டைச் சுற்றி வேலி போட்டிருந்தது.

அது யார் கை என்று அவளுக்குத் தெரியும். அநாதை விடுதியில் பெரிய பிள்ளைகள் தட்டைப் பிடுங்குவார்கள். அக்கா தன் சோற்றை நாலே நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, தங்கச்சி தட்டைச் சுற்றிக் கைபோட்டுக் காவல் இருப்பாள். "நீ மெதுவா தின்னுடி, நான் இருக்கேன்ல." அந்த அவசரம் கடைசிவரை அக்காவை விடவில்லை.

மென்று தின்றால் வயிறு சரியாகிவிடும். ஆனால் தனக்குள் வந்திருக்கும் அக்காவும் கூடவே போய்விட்டால்? அந்தப் பயத்திலேயே பத்து நாள் தள்ளிப்போட்டு, ஆள் பாதியாகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வருவது வரட்டும் என்று துணிந்தாள். அக்காவின் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வாயாக மென்றாள். முழுசாக அரை மணி. நெஞ்சு எரியவில்லை. ஏப்பமும் வரவில்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது.

"போயிட்டியாக்கா?" என்று கேட்டு அழுதேவிட்டாள்.

எதிர் நாற்காலியிலிருந்து ரெண்டு சின்ன ஏப்பம் வந்தது. அப்புறம் ஒரு பெரிசு.

தூக்கிவாரிப் போட எழுந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இனிமேலாவது மெதுவா தின்னேன்க்கா," என்றாள். "இப்போ யாரு பிடுங்கப் போறா?"