மாமனார் சேர்த்த காசு

மாமனார் இறந்து ஒரு மாதம் கழித்து அவருடைய பொருட்களைப் பங்கிட்டோம். ஸ்கூட்டர் மச்சானுக்கு, தையல் மிஷின் என் மனைவிக்கு. அதற்கு மேல் பங்கிட எதுவும் இல்லை என்று நினைத்தபோதுதான் பீரோவின் அடித்தட்டில் ஒரு பால்பவுடர் டப்பா கிடைத்தது. தூக்கினால் கை இறங்கியது. உள்ளே முழுக்கப் பழைய காசு.

அத்தை அப்போது கிருஷ்ணகிரியில் தன் தங்கை வீட்டில் இருந்தார். போனில் கேட்டுவிடலாம் என்றாள் மனைவி. மச்சான் தடுத்துவிட்டார்.

"அம்மாகிட்ட சொன்னா சித்திக்குத் தெரியும், சித்திக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். மொதல்ல என்ன தேறும்னு பாப்போம்."

மச்சான் ஜூஜுவாடியில் டயர் கடை வைத்திருக்கிறார். எதைக் காட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்வார். நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். எதையும் அளக்காமல் வாய் திறக்க மாட்டேன். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஹாலில் நியூஸ்பேப்பர் விரித்து, அளவெடுக்கும் வெர்னியரும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தமுமாகக் காசு பிரிக்க உட்கார்ந்தோம்.

சிங்கப்பூர்க் காசு, மலேசியக் காசு, தேய்ந்துபோன காலணா எல்லாம் தனித்தனியாகப் போயின. பிறகு நடுவில் ஓட்டையுள்ள ஒன்றை மச்சான் கையில் எடுத்தார்.

"சீனாக் காசு மாப்ள. ராஜா காலத்துல கயித்துல கோத்து வெச்சிருப்பாங்க."

நான் அளந்தேன். "மச்சான், இது வாஷர். பன்னெண்டு எம்எம் போல்ட்டுக்குப் போடுறது. தெனமும் இதைத்தான் பாத்துனு இருக்கறேன்."

"ஏன், சீனாக்காரன் போல்ட்டு போடமாட்டானா?"

அதைச் சந்தேகக் குவியலில் வைத்துவிட்டு, அடுத்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்தார். வளைந்து வளைந்து எழுத்து இருந்தது. எங்கள் மூவருக்கும் கன்னடமும் தெலுங்கும் சரளமாகப் பேச வரும், ஒன்றிலும் ஓர் எழுத்து வாசிக்க வராது. மச்சானுக்கு அது மைசூர் அரண்மனைக் காசு என்பதில் சந்தேகமே இல்லை. மாடி வீட்டில் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கார அம்மா ஒருவர் குடியிருந்தார். அவரைக் கூப்பிட்டோம். அவர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசித்தார்.

"ஒந்து ஊட்டான்னு போட்டிருக்குதுங்க. ஒரு சாப்பாடு."

"அரண்மனையில சாப்பாடு போட்டிருப்பாங்க," என்றார் மச்சான்.

அந்த அம்மா திருப்பிப் பார்த்தார். "பின்னால, ரெண்டாவது வாட்டி சாதம் கெடையாதுன்னு இருக்குதுங்க."

மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். வந்தவள் டப்பாவின் அடியிலிருந்து ஒரு வெள்ளிக் காசைப் பொறுக்கினாள். நகத்தால் சுரண்டியதும் வெள்ளி உரிந்து வந்தது. சாக்லேட் காகிதம். உள்ளே ஒரு சட்டைப் பட்டன். மச்சான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு டீ கேட்டார்.

இத்தனைக்குப் பிறகும் அவர் நம்பிக்கை குறையவில்லை. அடுத்த வாரம் நடக்கவிருந்த மாமனாரின் நினைவு ஜெபத்துக்குச் சர்ச் ஆட்களை அழைக்கப் போனவர், அப்பா சேர்த்துவைத்த அபூர்வ நாணயங்களையும் வந்து பாருங்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வந்தார்.

ஜெபத்துக்கு முந்தின நாள் அத்தை ஊரிலிருந்து வந்தார். மேஜைமேல் டப்பாவைப் பார்த்தார்.

"இதை எதுக்கு எடுத்தீங்க? இது காணிக்கைப் பையில விழுந்த செல்லாக் காசு."

மாமனார் பல வருஷம் சர்ச்சில் பொருளாளராக இருந்தவர். ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணும்போது இப்படி ஏதாவது அகப்பட்டால், அதற்குப் பதிலாகத் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு நல்ல காசைப் போட்டுவிட்டு இதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாராம்.

"ஏன்னு கேட்டா, போட்டவங்களுக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும், நடுவுல கமிட்டிக்கு எதுக்குத் தெரியணும்பாரு," என்றார் அத்தை.

"அப்ப அந்தப் பட்டன்?" என்றாள் மனைவி.

"உங்கண்ணனைக் கேளு."

மச்சான் தரையைப் பார்த்தார். "காணிக்கைக்குக் குடுத்த காசுல பொரி உருண்டை வாங்கிட்டேன். அப்பாவுக்குத் தெரியுமா?"

"உன் யூனிபார்முக்கு வேற பட்டன் தெச்சது யாருன்னு நெனைக்கற?"

விருந்தாளிகளிடம் இனி வராதீர்கள் என்று சொல்ல முடியாது. டப்பாவை ஒளித்துவிடலாம் என்றார் மச்சான். அத்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டிப் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

ஜெபம் முடிந்ததும் எல்லாரும் தட்டைச் சூழ்ந்தார்கள். முதலில் சலசலவென்று பேச்சு இருந்தது. பிறகு ஒவ்வொருவராக அமைதியானார்கள். சிங்கப்பூரில் மகன் இருக்கும் பெரியவர் ஒருவர் இருமத் தொடங்கினார். தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. வேறொருவர் பித்தளைத் துண்டைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே, "அந்த ஓட்டலை மூடி ரொம்ப வருஷம் ஆவுதே," என்றார். தெரிந்த ஓட்டலா என்று பாஸ்டர் கேட்டார். கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் தயிர்ப் பச்சடி எடுக்கப் போய்விட்டார்.

"சாப்பிடுங்க, ஆறிடும்," என்று மட்டும் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு தட்டைப் பார்த்தோம். பழைய காசுகளில் பாதிக்குமேல் காணவில்லை. அந்த இடத்தில் பத்து ரூபாய்க் காசுகளும், நான்காக மடித்த ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டும் கிடந்தன. யார் எடுத்தார்கள், யார் வைத்தார்கள் என்று நாங்கள் மூவரும் பார்க்கவில்லை. அத்தை பார்த்திருப்பார். கேட்டால் சொல்லமாட்டார்.

மிச்சம் கிடந்ததை மச்சான் கிளறினார். குவைத் காசு ஒன்று அகப்பட்டது. போனில் தேடிப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இது செல்லாக் காசு இல்ல. அங்க இன்னிக்கும் செல்லுது. நம்ம பணத்துல இருபது ரூபாய்க்கு மேல வருது. அப்பா இதுக்குப் பதிலா எவ்ளோ போட்டிருப்பாரு?"

"ஒரு ரூபா," என்றார் அத்தை.

"அப்ப அப்பாவுக்கு லாபம்."

அத்தை அந்தக் காசை வாங்கிப் பார்த்துவிட்டு மச்சானிடமே கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழமை அதையும் பையில போட்டுடு," என்றார்.

மச்சான் அப்படியே போட்டார். இப்போதைய பொருளாளர் அதை என்ன செய்தார் என்று தெரியவில்லை.