செருப்புகள் நிற்கும் வரிசை

காகிதத்தில் எழுதிப் படமெடுத்துப் போட்டிருக்கிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த வருடம்தான் கற்றேன்.

இன்று எங்கள் பக்கத்துக் கிளினிக்கில், வழக்கம்போல் இடம்பிடிக்கச் செருப்புகளை வரிசையில் விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். மனைவியின் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். எங்கள் முறை வருமுன் நர்ஸம்மா பையை எடுத்துவிட்டார். மதியம் அவருக்கு வேறு ஏரியாவில் வேலை.

"அங்கயும் செருப்புங்க காத்துக்கினு இருக்கும் தாத்தா."

"அப்போ எங்க செருப்பு?"

சிரித்தபடி பையைக் கீழே வைத்து, கட்டு மாற்றினார்.

"இன்னொரு நர்ஸ் வேணும்னு நான் சொன்னா யாரு கேக்குறாங்க? நீங்கதான் எழுதக் கத்துக்கினீங்களே, எழுதுங்க."

எழுதிவிட்டேன். பெங்களூரின் பெரிய ஆஸ்பத்திரிகளில் மாடிக்கு மாடி நர்ஸ்கள். எங்களுக்கு முழுதாக ஒருவர் வேண்டாமா?

அடுத்த வாரம் கட்டு மாற்றுவதற்குள் யாரும் வராவிட்டால், இதையே இன்னும் பெரிய எழுத்தில் எழுதுவேன்.

உங்கள் ஏரியாவில் செருப்புகள் எத்தனை மணிக்கு வரிசைக்கு வருகின்றன?