காதருகே வைத்த கை

மேடையில் பேசக் கற்கிறவனுக்கு முதல் சங்கடம் சொற்களால் வருவதில்லை. கைகளால் வருகிறது. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாது. பின்னால் கட்டினால் ஆசிரியர் முன் நிற்பதுபோல் இருக்கும். முன்னால் கட்டினால் கோயிலில் நிற்பதுபோல் இருக்கும். தொங்கவிட்டால் அவை தம் போக்கில் வேட்டி ஓரத்தைப் பிடித்து முறுக்கத் தொடங்கும். நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் இதைக் கண்டுகொண்டது தனுஷ்கோடிக் கடற்கரையில், பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது.

சொல்லித்தர எங்களுக்கு யாரும் இல்லை. பாம்பனில் இருந்த எங்கள் பள்ளிக்குக் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவோம். திரும்பியதும் பையை வீட்டில் எறிந்துவிட்டுக் கரைக்குப் போவோம். கருவாட்டுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் மேடை. ஒருவன் அதன்மேல் ஏறிப் பேசுவான். மற்றவன் நூறு அடி எண்ணி நடந்து, நின்று கேட்பான்.

தொடங்கியது ஆடி மாதத்தில். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும் காலம். வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் மணல் நறநறக்கும். அந்தக் காற்றில் பேசுகிறவனுக்குத் தன் குரலே கேட்காது. ஆகவே சைகைகள் வைத்துக்கொண்டோம். கேட்பவன் காதருகே கையைக் குவித்து வைத்தால் ‘கேட்கவில்லை, இன்னும் உரக்க’ என்று பொருள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் ‘வேகத்தைக் குறை’. துண்டைத் தோளில் போட்டால் ‘ஐந்து நிமிடம் ஆகப் போகிறது, முடித்துவிடு’. பேசுகிறவன் இதில் எதையும் விவாதிக்கக் கூடாது. உடனே கீழ்ப்படிய வேண்டும். இந்த விதியை ஏற்படுத்தியவன் என் தோழன்தான்.

“மேல நிக்கிறவனுக்குத் தன்னைப் பத்தி ஒண்ணுந் தெரியாதுலே. கீழ நிக்கிறவன் சொல்றதுதான் சரி” என்றான்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளி இறுதி மாணவர்களுக்கு ராமநாதபுரத்தில் பேச்சுப் போட்டி நடக்கப் போவதாகத் தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் அறிவித்திருந்தார். முதல் பரிசு, மதுரைக் கல்லூரி ஒன்றில் ஓர் இடம். விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பு. இரண்டாம் பரிசு ஒரு புத்தகம். பள்ளிக்கு இரண்டு பேர் போகலாம். மற்றவர்கள் யாரும் கை தூக்கவில்லை என்பதால் நாங்கள் இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டோம்.

என் வீட்டில் நிலைமை தெளிவாக இருந்தது. என் தகப்பனார், அய்யா, துறைமுகச் சரக்கு ஷெட்டில் வேலை பார்த்தார்.

“சீட்டுக் கெடைச்சாப் போ. நான் தடுக்கலை. கெடைக்கலைன்னா ஷெட்டுல ஆளு கேட்டுக்கிட்டிருக்காக. பரீட்சை முடிஞ்ச மறுநாளு வந்து நில்லு” என்றார். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

என் தோழனின் தகப்பனார் கடலுக்குப் போகிறவர். அவனுடைய இரண்டு அண்ணன்மாரும் அப்படியே. வீட்டில் அவனுக்கென்று ஒரு துடுப்புத் தயாராக இருந்ததாக அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். கிடைக்கப்போவது ஓர் இடம்தான் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருமுறைதான் பேசினோம்.

“நமக்குள்ள யாருக்குக் கெடைச்சாலும் சரி. வெளியூர்க்காரன் தூக்கிட்டுப் போயிறக் கூடாது” என்றான். நான் அதை நம்பினேன். அவனும் அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னான் என்று இன்றும் நினைக்கிறேன்.

தலைப்பை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள்: ‘என் ஊருக்கு வேண்டியது’. அவன் மீன்பிடித்துறை பற்றி எழுதினான். நான் வைத்தியர் இல்லாததைப் பற்றி எழுதினேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிரசவ வலியோடு ரயில் நடைமேடையில் படுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். வண்டி வர நேரம் இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் சேலையை விரித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். மறைப்புக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. இதை அப்படியே எழுதியிருந்தேன். முதன்முறை பேசிக் காட்டியபோது அவன் சைகை எதுவும் காட்டவில்லை. நூறு அடியையும் நடந்து என்னிடம் வந்தான்.

“இது என்னோடதைவிட நல்லாருக்குடா” என்றான்.

மாசி வரை பேசினோம். காற்று திசை மாறியது. நாங்களும் பெட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். எந்தக் காற்றானாலும் அதை எதிர்த்தே பேசுவது என்று வைத்திருந்தோம். கடைசியில் நூறு அடி நூற்றைம்பது அடி ஆகியும் எங்கள் குரல் போய்ச் சேர்ந்தது. வலை காயவைக்கும் பெண்கள் எங்கள் பேச்சை மனப்பாடமாகச் சொல்லிக் கேலி செய்தார்கள்.

“ஏலே, தலைவர் அவர்களே! இன்னைக்கு அந்தப் புள்ளத்தாச்சிக்குப் புள்ள பெறந்துச்சா இல்லையா?” என்று ஒருத்தி கேட்பாள்.

போட்டிக்கு முதல் நாள் அவன் முன்னதாகவே ராமநாதபுரம் போனான். அவனுடைய அக்காவை அங்கே கட்டிக் கொடுத்திருந்தது. “அக்காளுக்கு மேலுக்குச் சரியில்லையாம். பாத்துட்டு அங்கனயே இருக்கேன். நீ நாளைக்கு நேரா போட்டி நடக்குற மண்டபத்துக்கு வந்துரு” என்றான். நான் மறுநாள் காலை ரயிலில் போனேன். பாலம் தாண்டும்போது பேச்சை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உச்சிப்புளி வருவதற்குள் இரண்டாம் முறையும் முடிந்தது. தடுமாற்றம் இல்லை.

நீளமான மண்டபம். சன்னல்கள் மூடியிருந்தன. முன்னூறு பேர் இருக்கலாம். மேடையில் ஒலிபெருக்கி மைக் ஒன்று வைத்திருந்தார்கள். கட்சிக் கூட்டங்களில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, அதன் முன்னால் நான் நின்றதில்லை. அவனும் நின்றதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவன் மூன்றாம் வரிசையில் நடுநாற்காலியைப் பிடித்து வைத்திருந்தான்.

“இங்கன இருந்தா ஒனக்கு என் கை நல்லாத் தெரியும். வேற யாரையும் பாக்காத, என்னையப் பாரு” என்றான்.

“அக்கா எப்படி இருக்காக?” என்று கேட்டேன்.

“நல்லாருக்கா” என்றான்.

நான் நான்காவதாகப் பேசினேன். அவையடக்கம், தலைவர் அவர்களே, நடுவர் அவர்களே எல்லாம் முறையாகச் சொன்னேன். என் குரல் மண்டபத்தின் நான்கு சுவர்களிலிருந்தும் திரும்பி வந்தது. அது என் குரல் என்று பிடிபடவே இரண்டு வாக்கியம் ஆயிற்று. பெரிதாகத்தான் கேட்டது. குறைக்கலாமா என்று தோன்றியது. மூன்றாம் வரிசையைப் பார்த்தேன்.

அவன் காதருகே கையைக் குவித்து வைத்திருந்தான்.

நான் குரலை உயர்த்தினேன். ஒலிபெருக்கிக்கு இன்னும் நெருங்கினேன். அது கீச்சென்று ஊளையிட்டது. முன்வரிசையில் ஒரு சிறுமி காதைப் பொத்தினாள். மேடையின் ஓரத்தில் மைக்செட்காரர் என்னைப் பார்த்து உள்ளங்கையை முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டினார். அந்தச் சைகை எங்கள் பட்டியலில் இல்லை. எனக்கு அதன் பொருள் தெரியவில்லை. நான் அவனைப் பார்த்தேன். கை இன்னும் காதருகேதான் இருந்தது. கழுத்தையும் சற்று முன்னால் நீட்டி, கேட்காதவன்போல் முகத்தைச் சுளித்திருந்தான்.

ஏழு மாதப் பழக்கம். என் காதை விட்டுவிட்டு அவன் கையை நம்பினேன். நடைமேடையில் அந்தப் பெண் சத்தமில்லாமல் படுத்திருந்ததை, கடலுக்குக் கேட்கும் குரலில் கத்திச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். நடுவர்களில் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆறு பேர் பேசியபின் இடைவேளை விட்டார்கள். வெளியே தேநீர்க் கடையில் மைக்செட்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன தம்பி, மைக்க முழுங்கப் போறது மாதிரி நின்னுட்டீக? தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு நானும் கை ஓயக் காட்டுறேன். நீங்க எங்கயோ பாக்குறீக.”

“எனக்குப் பழக்கம் இல்லைங்க” என்றேன்.

“அது சரி. ஒங்க கூட வந்த தம்பி சொல்லலையா? நேத்துச் சாயங்காலம் நான் செட்டு மாட்டும்போதே வந்திருச்சே. ஒரு மணி நேரம் நின்னு பேசிப் பாத்துச்சு. மொதல்ல அதுவும் ஒங்கள மாதிரித்தான் கத்துச்சு. ஒரு சாண் தள்ளி நில்லுங்க, வீட்டுல ஆத்தாகிட்டப் பேசுறது மாதிரிப் பேசுங்கன்னு சொன்னேன். இன்னொருத்தன் வாரான்னு சொல்லுச்சு. அவருகிட்டயும் சொல்லிருங்கன்னு சொல்லித்தான அனுப்புனேன்.”

தேநீர் ஆறும்வரை கிளாசைக் கையில் வைத்திருந்தேன். அவர் சொன்னதில் மிகை எதுவும் இருக்கக் காரணம் இல்லை. அவருக்கு எங்கள் இருவரிடமும் ஆகவேண்டியது ஒன்றும் கிடையாது.

இடைவேளைக்குப் பின் மூன்றாவதாக அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் அவன் விட்டுப்போன அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் மேடையேறி ஒலிபெருக்கிக்கு ஒரு சாண் தள்ளி நின்றான். கைகளை இரு பக்கமும் தளரவிட்டான். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வழக்கப்படி என்னைப் பார்த்தான். என் கைகள் மடியில் கிடந்தன. அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ நின்றது. பிறகு பார்வையை எடுத்துவிட்டான். முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

நன்றாகப் பேசினான். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினான். மண்டபம் அமைதியாகக் கேட்டது. முதல் பரிசு அவனுக்கு. எனக்கு எதுவும் இல்லை.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வண்டி மண்டபம் ரயில் நிலையத்தைத் தாண்டியது.

“மைக்செட்காரர் சொன்னாரு” என்றேன்.

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். “சொல்லிருப்பாருன்னு தெரியும். நீ சும்மா ஒக்காந்திருந்தப்பவே தெரிஞ்சு போச்சு.”

“மைக்கப் பத்திச் சொல்லாம விட்டது கெடக்கட்டும். கையை எதுக்குக் காதுல வச்ச?”

திரும்பாமலே சொன்னான்: “ஒனக்கு ஷெட்டாச்சும் இருக்கு. எனக்கு என்னடா இருக்கு?”

அது உண்மைதான். அதனால் எனக்குக் கோபம் குறையவில்லை. தெரிந்ததை மறைத்ததோடு அவன் நிறுத்தியிருந்தால் அது போட்டி என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் கையைத் தூக்கி வைக்க அவன் ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். தூக்கியதை ஐந்து நிமிடம் இறக்காமல் வைத்திருக்க, ஒவ்வொரு நிமிடமும் அந்த முடிவை மறுபடி மறுபடி எடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் அய்யா கேட்டார். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். “சரி, விடு” என்றார். மறுநாள் ஷெட்டில் சொல்லிவைத்துவிட்டும் வந்தார்.

திங்கட்கிழமை வழிபாட்டில் தலைமையாசிரியர் அவனைப் படியில் ஏற்றி மாலை போட்டார். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பரிசு பெற்றவனை அவனோடு போட்டியிட்ட மாணவனே பாராட்டிப் பேச வேண்டும். பொறாமை வளரக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம்.

“கூடப் போனவன் நீ. வந்து ரெண்டு வார்த்தை பேசு” என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

படியேறினேன். கீழே இருநூறு பேர். அவன் மாலையோடு எனக்கு இடப்பக்கம் நின்றான். மாலையின் நாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். நான் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்வது, ஒரு சொல்லும் கூட்டுவதில்லை என்று மட்டும் தீர்மானித்தேன்.

“தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே. என் நண்பன் போட்டிக்கு முந்தின நாளே அந்த மண்டபத்துக்குப் போனான். ஒலிபெருக்கியின் முன் எப்படி நிற்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். மறுநாள் நான் பேசும்போது மூன்றாம் வரிசையில் அமர்ந்து, இன்னும் உரக்கப் பேசு என்று எனக்குச் சைகை காட்டினான். நான் முடிக்கும்வரை அவன் கையை இறக்கவே இல்லை. அவன் காட்டியபடியேதான் நான் பேசினேன். பிறகு அவன் பேசினான். முதல் பரிசு பெற்றான். அவன் அங்கே இல்லாதிருந்தால் அன்று நடந்தது நடந்திருக்காது. வணக்கம்.”

கைதட்டல் பலமாக எழுந்தது. தமிழாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் என் தோளில் கைவைத்து, “பாத்தீங்களா? தான் தோத்தாலும் நண்பன் செஞ்ச உதவிய மறக்காமச் சொல்றான். இதுதான் பண்பு” என்றார். மறுபடியும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

வழிபாடு முடிந்து வரிசை கலைந்தபோது அவன் பின்னாலேயே வந்தான். மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டியிருந்தான்.

“ஏலே, எல்லாத்தையும் சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்” என்றான்.

“எல்லாத்தையும் சொல்லத்தானடா செஞ்சேன்.”

அவன் திரும்பி, கலைந்து போகிறவர்களைப் பார்த்தான்.

“அது யாருக்கும் விளங்கலையே” என்றான். அவன் குரலில் நிம்மதி இருந்தது.